துத்தி எதற்கென்று சொல்லச் சொன்னார்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். தப்பு. எனக்கு அது நாக்கு நுனியில் இருக்கிறது. மூக்கில் இருந்திருந்தால் சிவந்துவிட்டு அடங்கியிருக்கும், நானும் இன்றைக்கு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருப்பேன்.

சட்டை தைக்கிற கம்பெனியில் எனக்குக் காலர் வைக்கிற வேலை. என் நாத்தனாரும் அதே ஹாலில்தான், கை ஏற்றுகிறாள். ஒரு சட்டையில் என் வேலை கழுத்தோடு முடியும், அவள் வேலை தோளில் தொடங்கும். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். நான் சண்டையை ஆரம்பித்து வைப்பேன், அவள் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வருவாள்.

ஹாலின் கடைசியில் பாத்ரூம். அதன் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, ஆணியில் கயிறு கோத்த சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று. அதுதான் டோக்கன். ஹாலில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றே ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். போனவள் வந்து திரும்ப ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கலாம். ஆணியில் டோக்கன் இல்லாத நேரத்தில் எழுந்தால் சூப்பர்வைசர் விசில் அடிப்பார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கழுத்தில் ஒரு விசில் தொங்கும், நிஜமாகவே எடுத்து ஊதுவார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவருக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

இப்படி ஒரு சட்டம் போட்டால் மனுஷிகள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வருவதை அடக்கிக்கொள்வார்கள். நாள் முழுக்க முதுகுகூடச் சாய்க்க முடியாத மர ஸ்டூலில் உட்கார்ந்து அடக்கினால் உடம்பு எத்தனை நாளுக்குச் சும்மா இருக்கும்? மூலம் வந்தது. எனக்கு வந்தது, பட்டன் வைக்கிற அக்காவுக்கு வந்தது, கல்யாணம்கூட ஆகாத சின்னப் பெண்களுக்கு வந்தது. வெளியே சொல்லவும் வெட்கம். பல்வலி என்றால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம், இதை எதைப் பிடித்துக்கொண்டு சொல்வது?

அப்போதுதான் துத்தி என் கண்ணில் பட்டது. ஹாலுக்குப் பின்னால், ஜெனரேட்டர் ரூமுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. உடைந்த ஸ்டூல்களை அங்கேதான் கொண்டுபோய் வீசுவார்கள். சந்தின் கடைசியில் கை கழுவுகிற குழாயின் கசிவு ஓடுகிற இடத்தில், சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு அது வளர்ந்து நின்றது. துத்தியை யாராவது நடுவார்களா? எங்கே கேட்பாரில்லையோ அங்கே வரும். இதய வடிவ இலை, தடவினால் வெல்வெட் துணியைத் தடவுகிற மாதிரி இருக்கும். காய் மெஷினுக்குள் இருக்கிற பல்சக்கரம் மாதிரி. நாங்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற நேரத்துக்குத்தான் மஞ்சள் பூவை விரிக்கும். எங்கள் நேரம் தெரிந்த பூ என்று நாத்தனார் சொல்வாள்.

மூலத்துக்குத் துத்தி என்று ஊரில் சொல்வார்கள். இலையைப் பறித்து வந்து கீரையாக வேகவைத்துச் சாப்பிட்டேன். வழவழவென்று இருக்கும், ருசி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கெண்ணெயில் வதக்கி, பொறுக்கிற சூட்டில் கட்டியும் பார்த்தேன். கொஞ்சம் உட்கார முடிந்தது. பட்டன் அக்காவின் காதில் சொன்னேன். அவள் இன்னொருத்தி காதில் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் பாதி ஹாலின் சாப்பாட்டுப் பையில் துத்தி இலை. எனக்குத் துத்தி அக்கா என்று பெயர். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் மதியம் சந்துக்குள் போய்வருவதை விசில் பார்த்துவிட்டார். ஒரு நாள் வாட்ச்மேன் அரிவாளோடு அங்கே நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அரிவாளுக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணே, இதை வெட்டணும்னா முதல்ல என்னை வெட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா வம்பு? மேல இருந்து சொன்னாங்க, வந்தேன்."

"மேல இருந்து யாரு சொன்னாங்களோ அவங்களைக் கீழ வரச் சொல்லுங்க."

நிஜமாகவே வந்துவிட்டார். மேனேஜரே வந்தார், கூடவே தொழிலாளர் நலன் பார்க்கிற மேடமும். நலன் மேடம் சின்னப் பெண், படித்து முடித்த கையோடு வேலைக்கு வந்தவள், எந்நேரமும் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டே இருப்பாள். நான் சண்டைக்குத் தயாராகி முந்தானையை இடுப்பில் செருகியிருந்தேன். மேனேஜர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓர் இலையைத் தடவிப் பார்த்தார்.

"மூலிகையா இது?"

"ஆமா சார். பொம்பளைங்களுக்கு... உடம்புக்கு நல்லது."

"அட, இதை ஏன் வெட்டணும்? நாமளே வளர்ப்போம்!"

செருகியிருந்த முந்தானையை எடுத்து விட்டேன். சண்டை பிடிக்கப் போன இடத்தில் பந்தி போட்டு உட்காரவைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வாரமே உடைந்த ஸ்டூல்களை அள்ளினார்கள், செடிகளைச் சுற்றிச் செங்கல் வைத்தார்கள், பச்சைப் பெயின்டில் ஒரு போர்டு மாட்டினார்கள்: 'மூலிகைத் தோட்டம் – தொழிலாளர் நலனுக்காக.' என்னைச் செடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ நோட்டீஸ் போர்டில் தொங்கியது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, செடி நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

அவளுக்குத்தான் முதலில் முடியாமல் போனது. ஒரு காலைப்பொழுதில் கை ஏற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் பாவாடையெல்லாம் ரத்தம். மாதவிலக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நிதானமான பெண்மணி. பார்த்தார், கேட்டார், எழுதிக்கொண்டே பேசினார்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எவ்வளவு நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. துத்தி சாப்பிடுறா டாக்டர், கட்டியும் விடுறேன்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"சாப்பிடட்டும், கீரைதானே. ஆனா இந்த அளவுக்குப் போனதுக்கு அது பத்தாது. நான் தர்ற மருந்தையும் போடணும். அதைவிட முக்கியம், தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும். அடக்கவே கூடாது. அடக்கிக்கிட்டே இருந்தா நான் கொடுக்குற மருந்தும் கேக்காது, நீங்க கொடுக்குற இலையும் கேக்காது. அப்புறம் ஆபரேஷன்தான். அதைப் பண்ணிட்டு வந்து மறுபடியும் அடக்கினா மறுபடியும் வரும்."

நாத்தனார் தலைகுனிந்துகொண்டு, "அடக்காம எப்படி டாக்டர்?" என்றாள். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. டோக்கனைப் பற்றி நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாத்தனார் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்கே நான் விசிலிடம் போனேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. நாக்கை மடித்து வைத்துக்கொண்டு பேசினேன்.

"சார், எங்க நாத்தனாருக்கு டாக்டர் சொல்லியிருக்காங்க. அவளை மட்டுமாவது டோக்கன் இல்லாம விடுங்க."

"ஒருத்தியை விட்டா எல்லாரும் கேப்பீங்க."

"அப்போ எல்லாருக்கும் எடுத்துடுங்க. யாரு சார் பாத்ரூம்ல போய்க் குடித்தனம் நடத்தப் போறாங்க?"

விசில் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பின்பக்கம் கை காட்டினார். "அதான் உங்களுக்குன்னு தோட்டமே போட்டுக் கொடுத்திருக்கோமே. இன்னும் என்னம்மா வேணும்?"

எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு எரிந்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது யார்? நான்தான். இலை பறித்துக் கொடுத்து, பக்குவம் சொல்லிக் கொடுத்து, இன்னும் கொஞ்ச நாள் உட்கார முடிகிற மாதிரி எல்லோரையும் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறேன். எங்கள் வலிக்கு நான் கண்டுபிடித்த மருந்து அவர்கள் சட்டத்துக்குக் காவல் நின்றுகொண்டிருந்தது.

மதியம் நேராகச் சந்துக்குப் போய் ஒரு செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். துத்தி வேர் லேசில் வராது. கை தோல் உரிந்ததுதான் மிச்சம். நாத்தனார் பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, செடி என்ன பண்ணுச்சு?"

"இதைக் காட்டித்தான்டி வாயை அடைக்கிறாங்க."

"காட்டுறவங்களை விட்டுட்டு இதைப் பிடிச்சு இழுக்கிறீங்களே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு நியாயம் பிடிக்காத நேரங்கள் உண்டு, ஆனாலும் கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். புது ஃபேன் வந்தது. நலன் மேடம் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்தைப் பற்றி நான்தான் பேசவேண்டும் என்றாள். பேசவேண்டியதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்: 'இது துத்தி. உடம்புக்குக் குளிர்ச்சி. கம்பெனி எங்களுக்காக வளர்க்கிறது.'

"குளிர்ச்சிக்குன்னுதான் சொல்லணுமா மேடம்?"

"ஆமாக்கா. வேற எதுவும் வேண்டாம். அந்த இன்னொரு விஷயம்... அது நாகரிகமா இருக்காது."

"சரிங்க மேடம்" என்றேன். நான் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதைக் கேட்டு அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அனுபவம் போதாது.

வந்தது ஓர் அம்மா. நல்ல உயரம், நரைத்த தலை, காலில் நடப்பதற்கென்றே போட்ட ஷூ. மேனேஜர் ஆபீசில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், ஜூஸ் கொடுத்தார்கள், இளநீரும் கொடுத்தார்கள். எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் குடிக்க யோசனை, அந்த அம்மாவுக்கு ஆறாக ஓடியது. பிறகு தோட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். நான் சொல்கிற ஒவ்வொன்றையும் நலன் மேடம் அவர் மொழியில் சொல்ல வேண்டும்.

"இது துத்தி" என்று ஆரம்பித்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. "இது மூலத்துக்கு. எங்க ஹால்ல பாதிப் பேருக்கு மூலம். ஏன்னா எங்களை பாத்ரூம் போக விடமாட்டாங்க. இத்தனை பேருக்கும் ஒரே ஒரு டோக்கன். அதுக்குப் பயந்துக்கிட்டு நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. எங்க நாத்தனார் ரத்தம் போய் மயங்கி விழுந்தா. இந்தச் செடி எங்களுக்காக வளரல, அந்த டோக்கனுக்காக வளருது."

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. நலன் மேடம் சிரிப்பை மட்டும் கழற்றாமல் அந்த அம்மா பக்கம் திரும்பி இரண்டே வார்த்தை சொன்னாள். நான் ஒரு முழம் பேசினால் அவள் ஒரு சாண்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டி, ஓர் இலையைத் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் எனக்கு முதலில் வருவது அழுகைதான், பிறகுதான் மற்றதெல்லாம்.

திரும்ப ஹாலுக்குள் வந்தோம். நான் என் மெஷினுக்குப் போனேன். அந்த அம்மா வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்று, நலன் மேடத்திடம் மெல்ல ஏதோ கேட்டார். அதில் 'டாய்லெட்' என்ற வார்த்தை எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. காபி, ஜூஸ், இளநீர் மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது.

நலன் மேடம் ஆபீஸ் பக்கம் கை காட்டினாள். அது முன் கட்டடத்தில், மாடியில். அந்த அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணெதிரே தெரிந்த எங்கள் பாத்ரூம் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவ்வளவு அவசரம். பாவம், யாருக்குத்தான் அவசரம் வராது?

நான் எழுந்தேன். விசில் தன் விசிலை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார், விருந்தாளி முன்னால் ஊத முடியாமல் அப்படியே நின்றார். நான் முன்னே போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, வெறும் ஆணியைக் காட்டினேன்.

"டோக்கன் உள்ளே போயிருக்கும்மா. காத்திருக்கணும்."

அந்த அம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை. ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹால் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கதவு திறந்தது. பட்டன் அக்கா கழுத்தில் சிவப்பு வில்லையோடு வெளியே வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போய் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அந்த அம்மா கையை நீட்டினார். நான் அதை அவரிடம் கொடுக்கவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"வாடி. உன் முறை."

நாத்தனார் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். அவள் கழுத்தில் நானே மாட்டிவிட்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அம்மா வெளியே நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். அது எந்த மொழியில் செய்தாலும் ஒன்றுதான். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம், நாள்தோறும் நாங்கள் செய்வதை அவர் செய்வதைப் பார்த்தோம்.

அவர் திரும்பி நலன் மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கேள்விதான், ஆனால் குரல் மாறியிருந்தது. நலன் மேடம் மேனேஜரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் சிரிப்பைக் கழற்றியதை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆணியைக் காட்டினாள், ஹாலைக் காட்டினாள், ஒற்றை விரலைக் காட்டினாள், பின்பக்கம் துத்தி இருக்கிற திசையைக் காட்டினாள். நிறுத்தாமல் பேசினாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறாள் என்று தெரிந்தது.

மேனேஜர் பாய்ந்து வந்தார். "என்னம்மா உளறிக்கிட்டு இருக்கே? அப்படி ஒரு சட்டமே இல்லன்னு சொல்லு! யாரும் எப்ப வேணும்னாலும் போகலாம்னு சொல்லு!"

இதற்குத்தான் என் நாக்கு இத்தனை நாளாகக் காத்திருந்தது போலிருக்கிறது. ஹாலைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கேட்டுக்கிட்டீங்களாடி? டோக்கன்னு ஒரு சட்டமே கிடையாதாம்! யாரும் எப்ப வேணும்னாலும் போகலாமாம்! சாரே சொல்லிட்டாரு!"

பிறகு மூலையில் ஒரு ஸ்டூல் நகர்கிற சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. விசில் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா எழுந்து வருகிற எங்களைப் பார்த்தார். நாத்தனார் வெளியே வந்ததும் அவரைத்தான் முதலில் உள்ளே விட்டோம். விருந்தாளி இல்லையா?

மறுநாள் காலையில் விசில் டோக்கனைத் திரும்ப ஆணியில் மாட்டிவைத்திருந்தார். யாரும் அதைத் தொடவில்லை. முதலில் எழுந்த சின்னப் பெண்ணைப் பார்த்து விசிலை எடுத்தார். "சட்டமே இல்லன்னு மேனேஜர் சார் சொன்னாரே சார், நீங்க ஊதினா அவரு பொய் சொன்னதா ஆயிடாதா?" என்றாள் பட்டன் அக்கா, முகத்தில் சிரிப்பே காட்டாமல். விசில் வாயிலிருந்து இறங்கிவிட்டது. அந்த வெளிநாட்டு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் வந்து பார்ப்பார் என்று நலன் மேடம் வேறு ஹால் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மேனேஜரால் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் செடியைச் செய்தார். இரண்டு நாள் கழித்துச் சிமென்ட் மூட்டையோடு ஆட்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் வேரோடு கொத்தி எடுத்தார்கள். நான் இழுத்து வராத வேரெல்லாம் கடப்பாரைக்கு வந்தது. போர்டைப் பிடுங்கிப் போட்டார்கள். சந்து முழுக்கச் சிமென்ட் பூசினார்கள். மேனேஜர் வேண்டுமென்றே ஆள் அனுப்பி என்னை அங்கே வரவழைத்தார். கொத்திப் போட்ட குவியலில் பூவெல்லாம் இன்னும் விரியாமல் மூடிக் கிடந்தன. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"உன் மூலிகை போச்சு" என்றார் மேனேஜர். "இனிமே என்னம்மா பண்ணுவ?"

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வயிறு நிறையத் தண்ணி குடிப்பேன் சார். அப்புறம் பாத்ரூம் போவேன்."

சொல்லிவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனேன்.